கையைக் கட்டிக்கொண்டு எழுந்திருப்பது

அறுவை சிகிச்சை நிபுணரின் அறையில் கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி இருந்தது. நோயாளிகள் உட்காருவதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதில் உட்கார்ந்தேன். அவர் என் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ரத்த வகை சரி, திசுப் பொருத்தம் சரி, அண்ணனுடைய இரண்டு சிறுநீரகங்களும் சரி. கோப்பை மூடிவிட்டு, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் கட்டுவதுபோல் கட்டிக்கொண்டேன்.

"இப்போது எழுந்திருங்கள்."

எழுந்திருக்க முடியவில்லை.

புடவை எங்கேயோ ஆணியில் மாட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். எதுவும் மாட்டியிருக்கவில்லை. மறுபடி முயன்றபோது இடுப்பு கொஞ்சம் மேலே வந்து, அந்தரத்தில் நின்று, அப்படியே இறங்கிவிட்டது. தொடைகள் நடுங்கின. கட்டியிருந்த கைகள் தாமாகவே அவிழ்ந்து மேஜை விளிம்பைத் தேடிப் போயின. மேஜை எட்டவில்லை. அவர் அதைத் தள்ளிப் போட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எவ்வளவு நாளாக இப்படி?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். அந்தச் சொல்லை நான் அதிகம் பயன்படுத்தியவள் இல்லை. அமைச்சகத்தில் என் பிரிவில் எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை நாற்காலியில் இருந்தபடியே சொல்லுவேன். என் தொடையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். அறுவை சிகிச்சையை உடம்பு தாங்கிவிடும். அதற்கு அப்புறம்தான் சிரமம். படுக்கையில் கிடக்க வேண்டும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் மிச்சமிருக்கும் தசையையும் அரிக்கும். உடம்பில் தசை இல்லாமல், வெறும் கையோடு அங்கே போகிறவர்கள் படுக்கையை விட்டு எழுந்து வருவதில்லை, நிமோனியா வந்துவிடும். "இந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து காட்டுங்கள். அன்றைக்கே ஏற்பாடு செய்கிறேன்" என்றார். பிறகு அண்ணனின் அறிக்கையைத் தனியாக எடுத்துப் பார்த்தார். "இவர் உங்களைவிடப் பதினொரு வயது மூத்தவர். ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. இன்று இவரிடமிருந்து எடுக்கலாம். எவ்வளவு காலம் அப்படி என்று என்னால் சொல்ல முடியாது."

அண்ணன் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு திருநெல்வேலிக்குத் திரும்பியிருந்தார். எனக்கு வேறு கொடுப்பவர் கிடையாது.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆட்டோவில் ஏறியபோது என் கை கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து படி ஏறியபோது கைப்பிடிச் சுவரைக் கை இழுத்தது. சாப்பிட்டு எழுந்தபோது மேஜையை அழுத்தியது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காராமல் நின்றுகொண்டே வருவது என் வழக்கமாகியிருந்தது. இறங்கும் இடத்தில் எழுந்திருக்க முடியாது என்பது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. கூட ஒரு ஆள் இருந்திருந்தால், ஏன் எதையாவது பிடித்துக்கொண்டே எழுந்திருக்கிறாய் என்று என்றைக்கோ கேட்டிருப்பார்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. இருபத்து மூன்றில் டெல்லிக்கு வந்தவள். கல்யாணம் ஆகவில்லை, காரணங்கள் உண்டு, இங்கே தேவையில்லை. மாடியில் இரண்டு அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பு. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய காலத்தில் பருப்பு, பால், தயிர் எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நோய் என்றால் பத்தியம். பத்தியம் என்றால் எனக்குக் கஷ்டமே இல்லை. புளி குறைத்த ரசம் விட்ட சாதம், வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிய காய். இரண்டு வேளையும் அதுதான். டயாலிசிஸ் தொடங்கியபோது, இனி நன்றாகச் சாப்பிடலாம் என்று யாரோ சொன்னது ஞாபகம் இருக்கிறது. 'லாம்' என்பதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அனுமதிக்கும் உத்தரவுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் எங்கள் அலுவலகமே நடந்தது. அனுமதி இருந்தும் பயன்படுத்தாதவர்களை அங்கே மெச்சுவார்கள்.

அதோடு, எடை குறையவில்லை. டயாலிசிஸுக்கு முன்பும் பின்பும் எடை பார்ப்பார்கள். பின்பு பார்க்கும் எடை வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருந்தது. அதில் எனக்குப் பெருமை. தசை கரைய கரைய அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தது என்று பிற்பாடு விளங்கியது. விளங்கியிருக்க வேண்டிய சங்கதிதான். ரவிக்கையின் கை தொளதொளவென்று ஆகி இரண்டு தடவை பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். அதே மாதங்களில் செருப்பின் வார் பாதத்தை அறுத்தது. மேலே தளர்ந்தது, கீழே இறுகியது. இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் படிக்கட்டில் பார்த்தால், "மேடம், சேஹத் பன் கயீ!" என்பார். நன்றாகத் தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம். காலையில் முகம் வீங்கியிருக்கும். அதைப் பார்த்துச் சொல்வார். நானும் நன்றி சொல்வேன்.

நிபுணர் என்னை உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வேகமாகப் பேசுகிறவள். என் மேல்கையையும் தொடையையும் நாடாவால் அளந்தாள், கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். முள் எவ்வளவு ஏறியது என்பதை என்னிடம் காட்டாமல் திருப்பிக்கொண்டாள். பிறகு ஹிந்தியில் சொன்னாள்:

"மேடம், ஆப்கா மாஸ் பஹுத் கம் ஹை. மாஸ் படானா படேகா. பினா மாஸ் கே ஆபரேஷன் நஹீ ஹோகா."

ஹிந்தியில் மாஸ் என்றால் மாமிசம். மாஸ் போதவில்லை, மாஸைக் கூட்ட வேண்டும், மாஸ் இல்லாமல் ஆபரேஷன் கிடையாது. எனக்கு வியர்த்துவிட்டது.

"ஹம் லோக் நஹீ காதே" என்றேன். நாங்கள் சாப்பிடுவதில்லை.

"நஹீ காதே? தபீ தோ!" என்று கையை விரித்தாள். சாப்பிடுவதில்லையா, அதனால்தானே இப்படி! "கானா படேகா, மேடம். மாஸ் கானே ஸே ஹீ பனேகா."

சாப்பிட்டே ஆக வேண்டும், சாப்பிட்டால்தான் உண்டாகும் என்கிறாள். வெளியே நீண்ட வரிசை. அவள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். வேறு வழி இல்லையா என்று கேட்கத் தோன்றவில்லை. பருப்பும் பாலும் எனக்கு விலக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தவள் நான். அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது அதுதான் என்று கணக்கும் சரியாக வந்தது.

நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள். முட்டை வாங்குகிற வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஆட்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பேசுவதற்கு யாரும் இருக்கவும் இல்லை. என் இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் ஒன்று உண்டு. அதில் ரத்தம் ஓடும் சத்தத்தை, கையைக் காதருகே வைத்தால் கேட்கலாம். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்பதுபோல் ஒரு ரீங்காரம். அந்த வீட்டில் என்னைத் தவிர உயிரோடு சத்தம் போட்ட ஒரே பொருள் அதுதான். அந்த வாரம் அதை நிறையக் கேட்டேன்.

சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமான கடையில் அரிசியும் உளுந்தும் வாங்கினேன். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கோழியும் மீனும் விற்கும் வரிசை. இத்தனை வருஷமும் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அதைக் கடந்திருக்கிறேன். அன்றைக்கு அதன் வாயிலில் போய் நின்றேன். கூண்டுக்குள் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே என் நெற்றித் திருநீற்றையும் கையிலிருந்த பையையும் பார்த்தார்.

"மேடம், இட்லி-டோசா உதர் ஹை" என்று நான் வந்த பக்கமே கையைக் காட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு டெலிபோன் செய்தேன்.

"அண்ணே, கறி திங்கச் சொல்லுதாங்க."



"யாரு சொல்லுதா?"

"ஆஸ்பத்திரில. தின்னு தேறினாத்தான் ஆபரேஷனாம்."

"ஆட்டுக்கறியா, கோழியா?"

"கேக்கல."

"கேக்காமயா வந்த? வெண்டைக்கா வாங்கப் போனாலே நாலு கேள்வி கேப்பியே."

"கேக்க வாய் வரலண்ணே."

 அப்புறம் சொன்னார்: "ஏட்டி, நான் தரப்போற கிட்னி பொறந்ததுலேருந்து சொதியும் அவியலும் தின்னு வளந்தது. திடீர்னு கறியக் கண்டா மிரண்டுறாதா?"

நான் சிரித்தேன். சிரித்தபோது குரல் கரகரத்தது. அதைச் சிரிக்கப் பயன்படுத்தி நாளாகியிருந்தது.

"சரி, தின்னு" என்றார். "ஆனா தனியா ஆரம்பிக்காண்டாம். நான் வாரேன். வந்து நானும் ஒரு வாய் திங்கேன்."

"நீங்க என்னத்துக்கு? உங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

"ஒத்தையில எப்படிட்டி திம்ப?"

இருபத்து நாலு வருஷமாக ஒற்றையில்தான் தின்றுகொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "மதினிட்ட சொல்லிராதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அவகிட்டயா? சொன்னா என்னயும் கிட்னியயும் சேத்து வாசல்ல வச்சுத் தண்ணி தெளிச்சிருவா."

அடுத்த முறை சிகிச்சைப் பிரிவுக்குப் போனபோது முடிவோடு போனேன். அந்தப் பெண் நாடாவை எடுப்பதற்கு முன்பே, "சிக்கனா, மட்டனா? எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எதற்கு?"

"மாஸுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "மேடம்! மாஸ்! மசில் மாஸ்! இங்க்லீஷ் வாலா மாஸ்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஜைன், மேடம். எங்கள் வீட்டில் வெங்காயம்கூட வாங்க மாட்டோம். நானா உங்களைக் கறி சாப்பிடச் சொல்வேன்?" என்றாள்.

இருபத்து நாலு வருஷம் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிய எனக்கு, ஹிந்தி வாக்கியத்தின் நடுவே வந்த ஓர் ஆங்கிலச் சொல் காதில் ஹிந்தியாக விழுந்துவிட்டது. தமிழில் சொல்லியிருந்தாலும் பெரிய பாதுகாப்பு இருந்திருக்காது. இரண்டு எழுத்து இடம் மாறினால் தசை சதையாகிவிடும்.

அவள் என்னைக் கையோடு சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவர் என் பத்தியத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். டயாலிசிஸ் தொடங்கியதுமே அந்தப் பத்தியம் முடிந்துவிட்டதாம். இனி இது அனுமதி இல்லை, உத்தரவு என்று நானே கேட்டு உறுதி செய்துகொண்டேன். பருப்பைத் திருப்பிக் கொடுத்தார். பனீரும் தயிரும் அளவோடு. எடைக் கணக்கை மாற்றி, கூடுதலாகத் தண்ணீர் எடுக்கச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, தினம் முட்டையின் வெள்ளைக்கரு முடியுமா என்றார். வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் எழுந்து போயிருப்பேன். ஆட்டுக்கறிக்கே தயாராகிவிட்டவளுக்கு அது சின்ன விஷயமாகிவிட்டது.

முட்டைக்கென்று ஒரு சின்னப் பாத்திரம் வாங்கி பால்கனியில் தனியே வைத்தேன். முதல் நாள் வேகவைத்து உரித்து, வெள்ளையைப் பிய்த்து, மிளகு தூவி, ஜன்னலைத் திறந்துவைத்துச் சாப்பிட்டேன். ருசி என்று ஒன்றும் இல்லை. பயந்ததற்கு ஈடாக ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மஞ்சளைப் படிக்கட்டுப் பூனைக்கு வைத்தேன். சில நாளில் அது நான் தண்ணீர் கொதிக்கவிடும் நேரத்துக்கு வந்து வாசலில் உட்கார ஆரம்பித்தது.

இன்னொரு பக்கம் நாற்காலி. உயரமான இடத்திலிருந்து எழுவது சுலபம், தாழ்வான இடத்திலிருந்து கஷ்டம். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தலையணைகளையும் மடித்த ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையையும் அடுக்கி உயர்த்தி, அதிலிருந்து கை கட்டி எழுந்து பழகச் சொன்னாள் அந்தப் பெண். பழகப் பழக ஒவ்வொன்றாக உருவ வேண்டும். கணுக்காலில் கட்டித் தூக்க எடை வேண்டும் என்றாள். உளுந்துப் பொட்டலங்களைப் பழைய புடவைத் துண்டில் கட்டிக்கொண்டேன். காலைத் தூக்கும்போதெல்லாம் உளுந்து சரசரக்கும்.

"எந்திரி" என்று எனக்கே உரக்கச் சொல்லிக்கொள்வேன். முதல் முறை சொன்னபோது திடுக்கிட்டேன். அந்தச் சுவர்களுக்குள் தமிழ் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

முன்னேற்றம் நேராகப் போகவில்லை. டயாலிசிஸ் நாட்களில் துணிபோல் கிடப்பேன். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது; அது போனபோது, உருவியிருந்த இரண்டு தலையணைகளை மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. அதே வாரம் அண்ணன் டெலிபோனில், "பிரஷர் கொஞ்சம் கூடிருக்காம். ஒண்ணுமில்ல, உப்பக் கொறச்சிருக்கேன்" என்றார். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். டெலிபோனை வைத்துவிட்டு அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் படாத குழந்தைபோல் வெகுநேரம் இருந்தேன். அவர் உப்பைக் குறைப்பதும் நான் தலையணையைக் குறைப்பதும், இதில் எது முந்தும் என்று யோசித்தேன். பிறகு எழுந்து முட்டைக்குத் தண்ணீர் வைத்தேன். பூனை காத்திருந்தது.

குளிர் தொடங்கும் சமயத்தில் ரஜாய் மட்டும் மிஞ்சியது. ரஜாய் படுக்கைக்குப் போக வேண்டிய காலம் வந்துவிட்டதால் ஒரு நாள் அதையும் எடுத்துவிட்டேன். வெறும் பலகையில் உட்கார்ந்து கையைக் கட்டினேன். எழுந்துவிட்டேன். தவறுதலாக எழுந்துவிட்டேனோ என்று உட்கார்ந்து மறுபடி எழுந்தேன். வீட்டில் யாரும் இல்லை. பூனைகூடப் போய்விட்டிருந்தது.

அண்ணன் வந்து சேர்ந்தார். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்னட்டி, எலும்பா இருக்க?" தண்ணீர் வடிந்துவிட்டதால் நான் முன்பைவிட மெலிந்து தெரிந்தேன். "முன்ன பூசினாப்ல இருந்தியே?"

"அது தண்ணி, அண்ணே. இதுதான் நான்."

அவர் நம்பவில்லை. என் மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, பால்கனியில் இருந்த முட்டைப் பாத்திரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தார். "ஒரு வாய்னு சொன்னேம்லா" என்று கையை நீட்டினார். நான் கொடுத்த வெள்ளைத் துண்டைக் கண்ணை மூடி விழுங்கிவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு! இட்லிய ஊறப்போட்ட மாதிரில்லா இருக்கு" என்றார்.

மறுநாள் அந்த அறையில் அதே மர நாற்காலி. ஒரு ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்தார். அவருடைய புதிய ரத்த அழுத்த அளவைப் பார்த்து நிபுணர், இப்போதைக்குப் பரவாயில்லை என்று தலையசைத்தார்.  கையைக் கட்டினேன். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து, எழுந்து நின்றேன்.

நிபுணர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

அண்ணனுக்கு ஹிந்தியும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். "எந்திச்சுட்டாள்லா! பாக்கலியா நீரு? குனிஞ்சு எழுதிட்டே இருக்கீரு!"

நிபுணர் நிமிர்ந்து, "என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் எழுந்துவிட்டேன் என்கிறார்."

"அப்படியா? ஸாரி. இன்னொரு முறை."

கோடையில் ஒரு முறைகூட முடியாத காரியம். உட்கார்ந்தேன். தொடை லேசாக நடுங்கியது. அண்ணன் தன் இரண்டு கைகளையும் என் முழங்கைகளுக்குக் கீழே, தொடாமல், ஏந்தியதுபோல் வைத்துக்கொண்டு நின்றார். எழுந்தேன். நிபுணர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தன் உதவியாளரைக் கூப்பிட்டு, அறுவை சிகிச்சைக் கூடத்தின் அட்டவணையைக் கொண்டுவரச் சொன்னார்.

தாழ்வாரத்தில் பெஞ்சு ஒன்று இருந்தது. தாழ்வானது. காகிதங்கள் வரும்வரை இருவரும் அதில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவர் ஓரமாக ஒருவர் சக்கர நாற்காலியில் கையைத் தொடைமேல் வைத்தபடி உள்ளே போகக் காத்திருந்தார். அவருடைய சட்டைக் கை தொளதொளவென்று காற்றில் ஆடியது. அவரோடு யாரும் வந்திருக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காகிதங்கள் வந்தன. நான் எழுந்தேன். அண்ணன் எழுந்திருக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"இழுட்டி" என்றார்.

அவருக்கு முழங்கால் வலி எதுவும் கிடையாது. இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்பதால் வலது கையைக் கொடுத்தேன். காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, முழுக் கனத்தோடும் உட்கார்ந்திருந்தார். இன்னும் பலமாக இழுத்தேன். எழுந்தார்.